களஞ்சியப் பூனை மணற்பெட்டியைக் கைவிட்டால் செய்யவேண்டியவை

கமக்காரர் வீட்டிலே பூனை வெறும் செல்லப் பிராணியன்று. அதற்கென ஒரு தொழில் உண்டு. விதைநெல்லும் பயறும் உழுந்தும் வைக்கப்பட்டிருக்கும் அறையிலே எலி குடியேறாதபடி இராக்காவல் செய்வதே அத்தொழில். பூனையால் மட்டும் எலி முற்றாக ஒழிந்துவிடாது. சாக்குகளைப் பலகைமேல் அடுக்குதலும், சுவர்த் துவாரங்களையும் கதவிடுக்குகளையும் அடைத்தலும் வேண்டும். ஆயினும் பூனை நடமாடும் அறையிலே எலி கூடுகட்டிக் குட்டியீனத் தயங்கும் என்பதைக் கமக்காரர் அறிவர்.

மாரிகாலத்தில் வளவு முழுவதும் நீர் நிற்பதனாலும், இரவில் களஞ்சிய அறை பூட்டப்படுவதனாலும், பலர் பூனைக்கென ஒரு பெட்டியில் மணல் இட்டு வைக்கின்றனர். பூனையும் அதனையே பயன்படுத்தப் பழகிவிடுகிறது. அப்படிப் பழகிய பூனை திடீரென்று பெட்டியைக் கைவிட்டு, நெற்சாக்கின்மீதும் மிளகாய் நாற்றுமேடையிலும் மலசலம் கழிக்கத் தொடங்கினால் வீட்டார் என்செய்கின்றனர்? முதலில் அடிக்கின்றனர், பின்னர் சாக்கிற் கட்டித் தூரத்தே கொண்டுபோய் விடுகின்றனர். விதையைக் காப்பதாக எண்ணிச் செய்யும் இச்செயல் எலிக்கு வழி திறந்து விடுவதாக முடிகிறது.

பூனை வேண்டுமென்று பிழை செய்வதில்லை. அதன் உடலில் ஒரு நோய் தோன்றியிருக்கும். அல்லது அதன் இடத்தில் ஒரு மாற்றம் ஏற்பட்டிருக்கும். காரணத்தைக் கண்டு நீக்கினால் பெரும்பாலான பூனைகள் தம் பழைய ஒழுங்குக்குத் திரும்பும்.

நோயா என முதலிற் பார்க்க

முதலிற் கவனிக்கவேண்டியது பூனையின் உடல்நிலையே. சலப்பையில் அழற்சியோ கல்லோ உண்டானால் சலங் கழிக்கும்போது வலி ஏற்படும். பூனை அவ்வலியைப் பெட்டியோடு தொடர்புபடுத்திப் பெட்டியையே வெறுத்துவிடும். அடிக்கடி குந்துதல், சில துளிகளே கழித்தல், சலத்தில் இரத்தங் காணல், சலவாயை ஓயாது நக்குதல் என்பன இதற்கு அறிகுறிகள். வயிற்றோட்டம், குடற்புழு, முதுமையில் வரும் சிறுநீரக நோய், மூட்டு வலி என்பனவும் பூனை பெட்டியைக் கைவிடக் காரணமாகலாம்.

கடுவன் பூனையின் சலக்குழாய் மிக ஒடுங்கியது. அது முற்றாக அடைபட்டால் நஞ்சு உடலில் தேங்கி, ஒன்றிரண்டு நாளிலேயே பூனை இறந்துவிடும். குந்தி முக்கியும் சலம் வராத கடுவனை அன்றே, அப்பொழுதே, மிருக வைத்தியரிடம் கொண்டுசெல்லல் வேண்டும். மறுநாள் வரை பார்த்திருத்தல் ஆகாது.

இதனை நான் நூலிலிருந்து மட்டும் எழுதவில்லை. எங்கள் வீட்டிலே ஒரு கடுவன் இருந்தது. ஒரு நாள் மாலை அது பெட்டிக்கும் குசினிக்குமிடையே திரும்பத் திரும்ப நடந்து, கண்ட இடமெல்லாம் குந்தி முக்கிற்று. மலச்சிக்கல் என்றெண்ணி ஆமணக்கெண்ணெய் புகட்டினோம். மறுநாள் வயல் விழாவொன்று இருந்தமையால் நான் அங்கே சென்றுவிட்டேன். இருட்டியபின் திரும்பியபோது அது எழமாட்டாது கிடந்தது, விடியுமுன் இறந்துவிட்டது. ஓர் இலை மஞ்சளித்தாலும் வேரைத் தோண்டிப் பாருங்கள் என்று ஊருக்குச் சொல்லும் நான், என் வீட்டுப் பிராணி காட்டிய அறிகுறியைக் கெட்ட பழக்கம் என்றே முதலில் நினைத்தேன். அப்பிழையை வாசகர் செய்யாதிருத்தல் வேண்டும்.

வலியென்று கருதி மனிதருக்குரிய பரசிற்றமோல் குளிசையைப் பூனைக்குக் கொடுத்தல் கூடாது. அது பூனைக்குக் கொடிய நஞ்சு. ஒரு குளிசையே உயிரை மாய்க்கக்கூடும். மேலும், வலியுள்ள பூனை கடிக்கும். ஆதலால் அதனைத் தடித்த துணியாற் சுற்றித் தூக்குக. கடியோ கீறலோ பட்டால் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, விசர்நோய்த் தடுப்பின் பொருட்டு உடனே வைத்தியசாலைக்குச் செல்க.

ஒரு வீட்டிற் கண்டது

பூனைக்கு நோயில்லையெனின், இடத்திற் காரணந் தேடுக. இரணைமடுக் குளத்தின் கீழ் 4 ஏக்கர் வயல் செய்யும் முதியவர் ஒருவர், புரட்டாதிக் கடைசியில், முதல் மழை விழுந்த வாரத்தில், என்னை வழிமறித்தார். விதைப்புக்கு இரண்டு வாரமே இருந்தது.

“தம்பி, அஞ்சு வரியமாய் ஒழுங்காய் இருந்த பூனை. இப்ப விதைநெல் மூட்டையைத்தான் தேடிப் போகுது. நாளைக்கு லொறியிலை ஏத்திப் பரந்தனடியிலை விடப்போறன்” என்றார்.

வீட்டுக்குச் சென்று பார்த்தேன். பூனை பெட்டைப் பூனை, நன்றாக உண்டது, சலமும் தடையின்றிப் போயிற்று. பின்னர் பெட்டி எங்கே என வினவினேன். பல ஆண்டுகளாக அது களஞ்சியத் தாழ்வாரத்தின் மூலையில் இருந்ததாம். மழை தொடங்கியதும், கிணற்றடியில் நின்ற நீரிறைக்கும் இயந்திரத்தை அம்மூலைக்குக் கொண்டுவந்து, பெட்டியைக் குசினிப் பின்புறத்துக்கு மாற்றியிருந்தனர். அங்கே நாய் கட்டப்பட்டிருந்தது. பெட்டியிலிருந்த ஆற்றுமணல் நனைந்துவிட்டமையால், ஆலையிற் கிடைத்த உமியை அதில் நிரப்பியிருந்தனர். ஒரே வாரத்தில் மூன்று மாற்றங்கள்! உலர்ந்த, மெத்தென்ற, அமைதியான இடத்தைப் பூனை தேடிற்று. விதைநெற் சாக்கே அதற்குக் கிடைத்தது.

“பிழை எங்கடை தான், தம்பி. அது பாவம்” என்றார் முதியவரின் மனைவியார்.

இயந்திரம் வேறிடத்துக்கு மாற்றப்பட்டது. பெட்டி பழைய மூலைக்குத் திரும்பியது. உலர்ந்த மணல் இடப்பட்டது. சாக்குகள் பலகைமேல் ஏற்றப்பட்டுப் படங்கினால் மூடப்பட்டன. நான்காம் நாள் பூனை பெட்டிக்கு வந்துவிட்டது என்று கேள்வியுற்றேன்.

நனைந்த சாக்குகள் இரண்டு. ஏக்கருக்கு 2 புசல் வீதம் 8 புசல் விதை வேண்டியவருக்கு இது சிறு நட்டமன்று. விதைநெல்லின் ஈரப்பதன் 13 வீதத்துக்கு மேற்பட்டால் பூஞ்சணம் பிடித்து முளைதிறன் கெடும். ஆகவே நனைந்த பகுதியை அகற்றி, எஞ்சியதைக் காயவைத்து, 100 மணிகளை ஈரச் சாக்குத் துண்டில் சுருட்டி முளைக்கவிட்டோம். ஒரு சாக்கில் 85க்கு மேல் முளைத்தன, அதனை விதைத்தார். மற்றையது தேறாதபடியால் விதைக்கப்படவில்லை. இவ்வாறு நனைந்த விதையைச் சோதியாமல் வயலிற் கொட்டுதல் கூடாது.

பூனை விரும்பும் பெட்டி

பூனை மனிதரை அண்டி வந்ததே தானியத்தின் பொருட்டுத்தான். மேற்காசியாவின் முதற் கமக்காரர் தானியத்தைச் சேமிக்கத் தொடங்கியபோது எலி வந்தது. எலியைத் தொடர்ந்து காட்டுப்பூனை வந்தது. சைப்பிரசுத் தீவிலே, ஏறத்தாழ 9,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட புதைகுழியொன்றில், மனிதரின் அருகே பூனையொன்றின் எலும்புக்கூடும் கண்டெடுக்கப்பட்டது. வறண்ட நிலத்துப் பிராணியாகிய அக்காட்டுப்பூனையின் வழிவந்தமையால், நம் வீட்டுப் பூனையும் நுண்ணிய, உலர்ந்த, கிளறத்தக்க மண்ணையே நாடுகிறது.

1947இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் எட்வேர்ட் லோ என்பவர், சாம்பலுக்குப் பதிலாக உலர்ந்த களிமண் மணிகளைப் பூனைப் பெட்டிக்குக் கொடுத்தார். அதுவே பின்னர் பெரும் வியாபாரமாயிற்று. நாம் அதனை விலைகொடுத்து வாங்கவேண்டியதில்லை. அரித்துக் காயவைத்த ஆற்றுமணல் போதும். மணல் கிடையாதவிடத்துத் தும்புத்தூளைப் பயன்படுத்தலாம்; அது ஈரத்தை நன்றாக உறிஞ்சும். உமி ஈரத்தை உறிஞ்சாது, காலிலும் குத்தும். நனைந்த சாம்பல் காலை அரிக்கும். மருந்தூட்டிய மரத்தின் தூளும் ஆகாது.

பெட்டி பூனையின் உடல் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு நீளமுடையதாக இருத்தல் நன்று. மணல் 2 அங்குல ஆழம் இருக்கட்டும். குட்டிக்கும் முதிய பூனைக்கும் ஒரு பக்கம் தாழ்ந்திருத்தல் வேண்டும். பூனைகளின் தொகைக்கு மேல் ஒரு பெட்டி கூடுதலாக வைக்க. ஒரு பூனைக்கு 2 பெட்டி, இரண்டுக்கு 3 பெட்டி. ஒரு பூனை வழிமறித்தால் மற்றையது வேறிடத்தை நாடும். உணவுக் கோப்பைக்கு அருகிலும், இயந்திரம், நாய், சிறுபிள்ளைகளின் ஆரவாரம் உள்ள இடத்திலும் பெட்டியை வைத்தல் ஆகாது.

நாளுக்கு இருமுறை மலத்தையும் நனைந்த மணலையும் அள்ளுக. வாரம் ஒருமுறை முழுவதையும் மாற்றிப் பெட்டியைச் சவர்க்கார நீரினாற் கழுவி வெயிலிற் காயவிடுக. அழுக்கான பெட்டியே பூனை ஓடுவதற்குப் பொதுவான காரணங்களுள் ஒன்று. இடத்தை மாற்ற நேரின் ஒரேயடியாக மாற்றாது, நாளுக்குச் சிறிது தூரமாக நகர்த்துக. மணலை மாற்ற விரும்பின் பழையதோடு புதியதைச் சிறிது சிறிதாகக் கலக்க.

சலம் பட்ட இடத்தைத் துப்புரவாக்கல்

பழைய மணம் இருக்கும்வரை பூனை அவ்விடத்துக்கே திரும்பும். சாணமிட்டு மெழுகிய மண்தரையாயின், நனைந்த மண்ணை 2 அங்குலம் சுரண்டியெடுத்துப் புதுமண் இட்டு மெழுகுக. சீமெந்துத் தரையாயின், சலவைத்தூள் கரைத்த நீரினால் தேய்த்துக் கழுவி நன்கு காயவிடுக. நனைந்த சாக்கை மீண்டும் பயன்படுத்தாதிருத்தல் நன்று.

பினைல் போன்ற கிருமிநாசினிகள் பூனைக்கு நஞ்சாகும். காலிற் பட்டதை அது நக்கி விழுங்கும். அந்நஞ்சை மாற்றியமைக்கும் ஆற்றல் அதன் ஈரலுக்குக் குறைவு. அமோனியா சேர்ந்த திரவங்கள் சலத்தின் மணத்தையே ஒத்திருப்பதால் பூனையை மீண்டும் அழைக்கும். குளோரின் வெளிற்றும் தூளைச் சலத்தின்மேல் இட்டால் தீயவாயு எழும்; அதுவும் வேண்டா.

பூனையின் மூக்கை அழுக்கிலே தேய்த்தலும் அடித்தலும் பயனற்றவை. அது மனிதருக்கு அஞ்சப் பழகுமேயன்றிப் பெட்டிக்குச் செல்லப் பழகாது. மறைவான இடத்தைத் தேடவே கற்றுக்கொள்ளும்.

நின்றபடி வாலை உயர்த்தி நடுக்கி, சுவரிலும் சாக்கின் பக்கத்திலும் சிறிதளவு சலத்தைப் பீச்சுதல் வேறு காரியம். அது தன் எல்லையைக் குறித்தலாகும். விதையகற்றாத கடுவன்களிலே பெரிதுங் காணப்படும். மிருக வைத்தியரைக் கொண்டு விதையகற்றினால் பெரும்பாலானவை அப்பழக்கத்தை விட்டுவிடும்.

நாற்றுமேடையைக் காத்தல்

கத்தரி, மிளகாய், தக்காளி நாற்றுக்கென நாம் பண்படுத்தும் மேடை பூனையின் கண்ணுக்கு மிகச் சிறந்த மணற்பெட்டி. விதையிட்டவுடன் வைக்கோலால் மூடுக. முளை தோன்றி வைக்கோலை அகற்றிய பின், வளைத்த கம்பிகளின்மேல் வலை விரித்து ஓரங்களை மண்ணிட்டு அமர்த்துக. தோட்டத்தின் ஒதுக்கிலே, மழை படாத கூரையின் கீழ், ஒரு முழச் சதுரத்தில் உலர்மணல் குவித்துவிட்டால் பூனை அங்கே செல்லும். தடுப்பதோடு வேறிடமும் காட்டுதல் வேண்டும்.

பூனையின் மலத்தைக் கூட்டெருவிற் சேர்த்தல் ஆகாது. தொக்சோபிளாசுமா என்னும் நோய்க்கிருமி சில பூனைகளின் மலத்தோடு வெளியேறி, ஒரு நாள் முதல் ஐந்து நாட்களுக்குள் தொற்றும் நிலையை அடைந்து, ஈரமண்ணிலே பல மாதங்கள் உயிரோடிருக்கும். கருவுற்ற பெண்களுக்கு அது தொற்றினால் சிசுவுக்குக் கேடு நேரலாம். சினையாடுகள் தீனியோடு அதனை உட்கொண்டால் குட்டி வீசவுங்கூடும். ஆகவே நாளாந்தம் மலத்தை அகற்றி, கிணற்றுக்கும் தோட்டத்துக்கும் அப்பால் ஆழப் புதைக்க. அவ்வேலையைக் கருவுற்ற பெண்களிடம் விடாதிருக்க. ஆட்டுத் தீனியை மூடி வைக்க. பச்சையாக உண்ணும் மரக்கறியைக் கழுவியே உண்க.

நினைவிற் கொள்ளவேண்டியவை

1. குந்தி முக்கியும் சலம் வராத கடுவனை அன்றே மிருக வைத்தியரிடம் கொண்டுசெல்க.

2. நோயில்லையெனின், கடந்த இரு வாரங்களில் பெட்டி, மணல், இடம், அயல் என்பவற்றில் என்ன மாறிற்று என ஆராய்க.

3. மாறியதைப் பழைய நிலைக்குக் கொணர்ந்து, இன்னுமொரு பெட்டி வைக்க.

4. சலம் பட்ட இடத்தின் மணத்தை முற்றாக நீக்குக, பினைலைத் தவிர்க்க.

5. சாக்குகளையும் நாற்றுமேடையையும் மூடுக. நனைந்த விதையை முளைக்கவிட்டுச் சோதித்தபின்னரே விதைக்க.

6. அடித்தலையும் ஊர்கடத்தலையும் ஒழிக்க.

கமக்காரர் வாடிய பயிரைக் கண்டவுடன் பிடுங்கி எறிவதில்லை. நீரா, புழுவா, வேரழுகலா என்று பார்க்கின்றனர். அப்பொறுமையில் ஒரு பங்கைத் தம் களஞ்சியக் காவலுக்கும் காட்டுவாராயின், பூனையும் பிழைக்கும், விதையும் பிழைக்கும்.