இரு கரைகளிலும் முஃப்லிஸ்

ஈராண்டுகளுக்கு முன்பு ஒரு நாள், அஸர் தொழுகைக்குப் பின் மதரஸாத் திண்ணையில் அமர்ந்து மாணவர்களின் குறிப்பேடுகளைத் திருத்திக் கொண்டிருந்தேன். எங்கள் தெருவில் அப்போதுதான் ஒரு மய்யித்து அடக்கமாகி நான்கு நாட்கள் ஆகியிருந்தன. இறந்தவரின் மருமகள், தம் மாமியாரையும் துணைக்கு அழைத்துக்கொண்டு வந்து நின்றார். மலேசியாவின் ஜொகூர் பாருவிலிருந்து தனியே வந்திருந்தவர். தந்தையின் ஜனாஸாவுக்கு ஏன் மகன் வரவில்லை என்று ஊரே கேட்டுக்கொண்டிருந்த நேரம் அது.

“அவங்களால வர முடியலை ஹஜ்ரத். அவங்களை முஃப்லிஸ்னு சொல்லிட்டாங்க. அங்கேயும் சொல்லிட்டாங்க, சிங்கப்பூர்லயும் சொல்லிட்டாங்க” என்று கூறி இரண்டு உறைகளை நீட்டினார்.

முஃப்லிஸ்! ஃபிக்ஹு நூல்களில் கடன் தீர்க்க வகையற்றவனைக் குறிக்கும் அந்த அரபுச் சொல்லை ஆண்டுதோறும் மாணவர்களுக்கு விளக்கி வருகிறேன். அச்சொல் மலாய் மக்களின் அன்றாடப் பேச்சிலும் அதே பொருளில் வழங்குகிறது. நம் ஊர்களில் ‘மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டான்’ என்று சொல்வார்களே, அதுதான். ஆனால் ஒரே மனிதர் இரு நாடுகளில் ஒரே காலத்தில் முஃப்லிஸ் ஆக முடியுமா? ஒருமுறை திவாலானவனை இன்னொரு முறை திவாலாக்குவதற்கு என்ன மிச்சம் இருக்கிறது? அன்று அந்தச் சகோதரிக்கு என்னால் விடை கூற இயலவில்லை. என்னோடு பி.ஏ. படித்து, பின்னர் சட்டம் பயின்ற நண்பர் ஒருவரிடம் அவ்வுறைகளை எடுத்துச் சென்றேன். பின்னர் அவர் வழியாக அக்கரை வழக்கறிஞர்கள் கூறியவற்றையும் கேட்டறிந்தேன். நம் குடும்பங்களில் மலேசியாவோடும் சிங்கப்பூரோடும் தொடர்பில்லாதவை குறைவு என்பதால் அறிந்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலில் அவருடைய நிலை. ஜொகூர் பாருவில் கூட்டாளியுடன் ஓர் உணவகம் நடத்தினார். அதற்காகக் கூட்டாளி பெற்ற வங்கிக் கடனுக்கு இவர் ஜாமீன் கையெழுத்திட்டார். உணவகம் நொடித்தது. கூட்டாளி கைவிரித்தார். இவர் பாலத்தைக் கடந்து சிங்கப்பூரில் வேலைக்குச் சேர்ந்தார். கிழமை நாட்களில் அங்கே ஒரு வாடகை அறை, வார இறுதியில் இக்கரையில் மனைவி மக்கள். சிங்கப்பூரில் வாங்கிய கடன் அட்டையைக் கொண்டு மலேசியக் கடனின் தவணைகளைக் கட்டினார். (தீயை எண்ணெய் ஊற்றி அணைப்பது என்றால் இதுதான். எனினும் இடுக்கணில் இருப்பவரைக் கரையில் இருந்து கொண்டு பழிப்பது எளிது.)

மலேசிய வங்கி வழக்குத் தொடுத்துத் தீர்ப்புப் பெற்றது. பிறகு திவால் அறிவிப்பு அனுப்பியது. அதை நேரில் வழங்க ஆள் அகப்படவில்லை என்று நீதிமன்றத்தின் அனுமதி பெற்று, மூடிக்கிடந்த உணவகத்தின் கதவில் ஒட்டினர். நாளேட்டில் விளம்பரமும் செய்தனர். அந்த நாளேட்டை இவர் பார்க்கவில்லை. திங்கட்கிழமை விடியற்காலையில் சிங்கப்பூர் செல்லக் குடிநுழைவுச் சாவடியில் கடவுச்சீட்டை நீட்டியபோதுதான், தாம் முஃப்லிஸ் என்பது அவருக்கே தெரிந்தது. மலேசியாவில் இப்படிச் சாவடியில் செய்தி அறிந்தவர்கள் பலர் உண்டு. திவாலானவர் உரிய அதிகாரியின் அல்லது நீதிமன்றத்தின் அனுமதியின்றி நாட்டை விட்டு வெளியேற இயலாது.

வேலை போயிற்று. கடன் அட்டைத் தவணையும் நின்றது. ஒன்பது மாதங்களுக்குப் பின் சிங்கப்பூர் வங்கி அங்குள்ள உயர்நீதிமன்றத்தில் மனுச் செய்தது. அதற்குமுன் அனுப்பப்பட்ட கோரிக்கைக் கடிதம் இவருக்குக் கிடைத்தது. அதற்குப் பதிலிறுக்கச் சிங்கப்பூர்ச் சட்டம் 21 நாட்கள் அவகாசம் தருகிறது. இவர் ஒன்றும் செய்யவில்லை. ‘ஏற்கெனவே திவால்தானே, இனி அவர்கள் என்ன செய்துவிட முடியும்’ என்பது அவருடைய எண்ணம். இரண்டாவது ஆணையும் பிறந்தது.

அவர் செய்த தவறு இந்த எண்ணத்தில்தான் இருக்கிறது. ஒரு நாட்டில் ஒருவர் திவாலானார் என்பது, மற்றொரு நாட்டில் அவரைத் திவாலாக்குவதற்குத் தானாகவே தடையாகிவிடுவதில்லை. இங்கிலாந்துச் சட்டத்திலிருந்து பிறந்த நீதிமுறைகள் அனைத்திலும் இது பழைய விதி. சிங்கப்பூரில் ஒருவர்மீது திவால் மனுச் செய்ய அவர் அங்கு நிரந்தரக் குடியினராக இருக்க வேண்டும் என்பதில்லை. அங்கே அவருக்குச் சொத்து இருந்தாலும், மனுவுக்கு முந்தைய ஓராண்டுக்குள் தங்குமிடம் இருந்திருந்தாலும் போதும். இவருக்கு வாடகை அறை இருந்தது. வங்கிக் கணக்கில் சிறு தொகையும் இருந்தது. கடன் 15,000 சிங்கப்பூர் வெள்ளிக்குக் குறையாமல் இருந்தால் அங்கு மனுச் செய்யலாம். மலேசியாவில் அந்த வரம்பு முன்பு 30,000 ரிங்கிட்டாக இருந்து, 2017இல் 50,000 ஆகி, 2021 செப்டம்பரிலிருந்து 1,00,000 ரிங்கிட்டாக உயர்ந்துள்ளது.

இரண்டு ஆணைகளும் உயிரோடு இருந்தால் வரும் துன்பம் வெறும் பெயர்க்கெடுதல் மட்டுமன்று. இரு அதிகாரிகளுக்கும் சொத்து விவரம் எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரே சம்பளத்தின்மீது இரு நாடுகளும் மாதப் பங்கு நிர்ணயிக்கும். மலேசியாவின் அனுமதியோடு பாலத்தைக் கடந்து வேலைக்குப் போனாலும், மாலையில் வீடு திரும்பச் சிங்கப்பூர் அதிகாரியின் அனுமதி வேண்டும். சுமார் ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாலத்தின் இரு முனைகளிலும் இரு பூட்டுகள்! ஒன்றின் சாவி மற்றொன்றைத் திறக்காது.

ஆயினும் மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் இடையே மட்டும் வேறு நாடுகளுக்கிடையே எளிதில் காணமுடியாத ஓர் ஏற்பாடு சட்டத்திலேயே இருக்கிறது. 1965 வரை ஒரே நாடாக இருந்தவை அல்லவா? ஒருவர் மலேசியாவில் திவாலானால், சிங்கப்பூரிலுள்ள அவருடைய சொத்தும் மலேசிய அதிகாரியின் பொறுப்பில் சேரும். அதைச் சிங்கப்பூர் நீதிமன்றங்கள் ஏற்கும். மறுதிசையிலும் அவ்வாறே. ஆனால் இரண்டாவது நாட்டிலும் அவர்மீது திவால் மனு இருந்தால், அந்த மனு தள்ளுபடியாகும் வரையோ ஆணை ரத்தாகும் வரையோ இந்த ஏற்பாடு செயற்படாது. ஆகவே இரண்டாவது ஆணை என்பது சுமையைக் கூட்டுவதோடு, முதல் நாட்டின் அதிகாரியின் கையையும் கட்டிப்போடுகிறது.

அந்த ஆணையை ரத்துச் செய்யவும் சட்டமே வழி சொல்கிறது. சிங்கப்பூரின் 1995ஆம் ஆண்டுத் திவால் சட்டம் வகுத்து, 2018இல் இயற்றப்பட்டு 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டமும் தொடரும் விதி இது: திவாலானவரின் சொத்தைக் கடன்காரர்களுக்குப் பங்கிடும் நடவடிக்கை மலேசியாவில் நடந்துகொண்டிருக்கிறது, பங்கீடு அங்கு நடப்பதே முறை என்று மெய்ப்பித்தால் நீதிமன்றம் தன் ஆணையை ரத்துச் செய்யலாம். கடன்காரர்களில் எண்ணிக்கையாலும் தொகையாலும் பெரும்பான்மையினர் மலேசியாவில் வசிக்கின்றனர், சொத்தும் அங்கேதான் இருக்கிறது என்று காட்டினாலும் ரத்துச் செய்யலாம். மலேசியாவின் 1967ஆம் ஆண்டுச் சட்டத்திலும் சிங்கப்பூரைக் குறித்து இதே போன்ற விதி உண்டு. ‘செய்யலாம்’ என்பதைக் கவனியுங்கள். நீதிமன்றம் செய்தே தீர வேண்டும் என்பதில்லை. காலம் கடத்தியவரையும் கணக்கை மறைத்தவரையும் அது கனிவோடு பார்ப்பதில்லை.

ரத்து வேறு, விடுவிப்பு வேறு. பலரும் இரண்டையும் குழப்பிக்கொள்கின்றனர். விடுவிப்பு என்பது சில ஆண்டுகள் திவால் நிலையில் இருந்து, விதிக்கப்பட்ட பங்கைச் செலுத்தி, அதிலிருந்து வெளிவருவது. ரத்து என்றால் அந்த ஆணை பிறக்கவே இல்லை என்பது போல. அதற்குமுன் அதிகாரி முறைப்படி செய்த விற்பனைகள் மட்டும் நிலைத்து நிற்கும். ஆனால் ரத்தானால் கடனும் ஒழிந்தது என்று எண்ணிவிடக் கூடாது. சிங்கப்பூர் வங்கியின் கடன் அப்படியே இருக்கும். அது மலேசிய அதிகாரியிடம் கோரிக்கை கொடுத்து, மற்றவர்களோடு சேர்ந்து பங்கு பெற வேண்டும்.

இனி எந்த ஆணையை எதிர்ப்பது என்ற கேள்வி. அச்சகோதரியும் மாமியாரும் ஜொகூர் ஆணையைத்தான் உடைக்க வேண்டும் என்றனர். கதவில் ஒட்டிவிட்டுப் போனது அநியாயம் என்பது அவர்கள் வாதம். கேட்பதற்கு நியாயமாகவே இருந்தது. வழக்கறிஞர்கள் வேறு விதமாக எண்ணினர். அறிவிப்பு வழங்கிய முறையில் குறை கண்டு அந்த ஆணையை உடைத்தாலும், கடன் உண்மை, தீர்ப்பும் உண்மை. வங்கி மறுபடியும் முறையாக அறிவிப்பு வழங்கி மீண்டும் வரும். அதற்குள் சிங்கப்பூர் ஆணை மட்டும் தனித்து நிற்கும். கடன்காரர்கள் பெரும்பாலோர் ஜொகூரில். வீட்டில் உள்ள பாதிப் பங்கும் ஜொகூரில். ஆகவே எதிர்க்க வேண்டியது சிங்கப்பூர் ஆணையை என்று முடிவாயிற்று. மனம் எங்கே நோகிறதோ அங்கே அடிக்கத் தோன்றும்; வழக்கில் அது உதவாது.

ஜாமீன் பற்றியும் ஒரு சொல். 2017ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, இலாப நோக்கமின்றிப் பிறருடைய கல்விக் கடனுக்கோ, சொந்த உபயோக வாகனத்துக்கோ, குடியிருக்கும் வீட்டுக் கடனுக்கோ ஜாமீன் நின்றவரை மலேசியாவில் திவாலாக்க முடியாது. வியாபாரக் கடனுக்கு நின்றவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. இவர் நின்றது வியாபாரக் கடனுக்கு.

இரு ஊர் திவால் புதிதன்று. லண்டனிலும் போர்ச்சுகலின் ஒப்போர்ட்டோ நகரிலும் வாணிபம் செய்த கூட்டாளிகள் இரண்டு இடங்களிலும் திவாலான வழக்கு ஒன்று 1880இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை வரை சென்றது. போர்ச்சுகலில் ஒரு பங்கைப் பெற்றுக்கொண்ட வங்கி லண்டனிலும் பங்கு கேட்டது. அங்கே பெற்றதைக் கணக்கில் கொண்டுவந்த பிறகே, மற்றவர்களுக்குச் சமமாக இங்கே பெறலாம் என்று தீர்ப்பாயிற்று. இதைப் படித்தபோது நம் ஃபுகஹாக்கள் நினைவுக்கு வந்தனர். முஃப்லிஸின் சொத்தை விற்று, கடன்காரர்கள் ஒவ்வொருவருக்கும் அவரவர் கடனின் விகிதப்படி பங்கிட வேண்டும் என்பது அவர்கள் வகுத்த முறை. முஆத் இப்னு ஜபல் (ரலி) அவர்களின் சொத்தை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விற்றுக் கடன்காரர்களுக்குப் பங்கிட்டதாக வரும் அறிவிப்பை அவர்கள் ஆதாரமாகக் காட்டுவர். உரத்துக் கேட்பவனுக்கு அதிகம் என்பது எந்த நீதியிலும் இல்லை.

பெண்களுக்கு ஒரு தகவல். கணவர் திவாலானால் மனைவிக்குச் சொந்தமான நகையும் மஹரும் கணவரின் கடனுக்குப் போகமாட்டா. அவை அவருடைய சொத்து. ஆனால் கடன் முற்றிய வேளையில் வீட்டையோ பணத்தையோ மனைவி பெயருக்கு மாற்றி எழுதினால், அம்மாற்றத்தைச் செல்லாததாக்கிச் சொத்தை மீட்க அதிகாரி நீதிமன்றத்தை நாடலாம். “எதற்கும் உன் பெயரில் இருக்கட்டும்” என்று கணவர் கூறும்போது மகிழ்ந்துவிடாமல், ஏன் என்று கேளுங்கள்.

ஊரில் உள்ள நிலம் என்னாகும்? அசையாச் சொத்து அது இருக்கும் நாட்டின் சட்டத்துக்கே கட்டுப்படும். ஆதலால் ஜொகூர் ஆணை ஒன்றினாலேயே நம் ஊர் நிலம் கைமாறிவிடாது. எனினும் சொத்து விவரத்தில் அதை மறைப்பது குற்றம். இவர் தந்தையின் மரணத்தால் வாரிசுப் பங்கு ஒன்றும் வந்து சேர்ந்திருந்தது. அதையும் எழுதச் சொன்னோம். அந்தச் சகோதரி தயங்கினார். மாமியார்தாம், “எழுதட்டும் ஹஜ்ரத், மறைச்சு வச்ச மண்ணு பரக்கத்து தராது” என்றார்.

இந்தியாவில் வாங்கிய கடன் கடல் கடந்து துரத்துவதும் உண்டு. ஸ்டேட் வங்கியின் தலைமையில் இந்திய வங்கிகள் செய்த மனுவின் பேரில், 2021 ஜூலையில் லண்டன் உயர்நீதிமன்றம் விஜய் மல்லையாவைத் திவாலானவர் என்று அறிவித்ததை நாளேடுகளில் படித்திருப்பீர்கள். எதிர்த் திசையிலும் கதவு திறந்திருக்கிறது. சிங்கப்பூர், மலேசிய உயர்நீதிமன்றங்கள் வழங்கும் பணத் தீர்ப்புகளை உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 44ஏ பிரிவின்கீழ் இந்திய மாவட்ட நீதிமன்றத்தில் நிறைவேற்றலாம். 2020 ஜனவரி முதல் ஐக்கிய அரபு அமீரகமும் அந்தப் பட்டியலில் உண்டு. விமானம் ஏறிவிட்டால் கடன் முடிந்தது என்று எண்ணும் வளைகுடாச் சகோதரர்கள் இதை அறிந்திருப்பது நல்லது.

சிங்கப்பூர் வழக்கு ஏழு மாதங்கள் நடந்தது. ஜொகூரிலேயே பிரமாண வாக்குமூலம் அளித்தார். கடன்காரர் பதினோரு பேரின் பெயர், தொகை, முகவரி அனைத்தையும் இரவெல்லாம் அமர்ந்து எழுதியவர் அவர் மனைவி. உணவகத்துக்குக் கோழி கொடுத்தவரின் பாக்கி வரை அதில் இருந்தது. பதினொருவரில் ஒன்பது பேர் ஜொகூரில் இருப்பவர்கள். சிங்கப்பூர் வங்கி முதலில் எதிர்த்தது. பின்னர், ஜொகூரில் தன் கோரிக்கை ஏற்கப்படும் என்று தெரிந்ததும் தளர்ந்தது. ஆணை ரத்தாயிற்று. ஜொகூர் ஆணை இன்றும் இருக்கிறது; மாதப் பங்கு செலுத்தி வருகிறார்.

தந்தை இறந்து பதினான்கு மாதங்கள் கழித்து, பன்னிரண்டு நாட்களுக்கு மட்டும் பயண அனுமதி பெற்று அவர் ஊருக்கு வந்தார். அஸருக்குப் பின் இருவரும் கபுருஸ்தானுக்குச் சென்றோம். துஆ ஓதி முடித்ததும், சட்டைப் பையிலிருந்த அனுமதிக் கடிதத்தை எடுத்து, திரும்ப வேண்டிய தேதியை மறுபடியும் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.