தற்பயன்பாடும் அதன் எல்லையும்: ஜாங்கோ, ட்ரூபல் திட்டங்களின் இணையதள மறுகட்டமைப்பை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

இணையதளங்களை உருவாக்கும் திறமூலச் சட்டகம் ஒன்றை வளர்த்தெடுக்கும் திட்டம், தனக்குரிய இணையதளத்தையும் அச்சட்டகத்தைக் கொண்டே கட்டுவது பரவலான வழக்கமாகும். இவ்வழக்கத்தை இக்கட்டுரை ‘தற்பயன்பாடு’ எனக் குறிக்கிறது. ஜாங்கோ, ட்ரூபல் ஆகிய இரு திட்டங்களின் இணையதளங்கள் எவ்வாறு அமைந்தன, அவை புதுப்பிக்கப்பட்டபோது எவை எளிதாயின, எவை சுமையாயின என்பன இங்கு விளக்கப்படுகின்றன. தற்பயன்பாட்டின் பயன், ஆக்குவோரைப் பயனரின் இடத்தில் நிறுத்துவதில் உள்ளது. எதனைத் தன் கருவியால் செய்வது, எதனைப் பிற கருவியிடம் விடுவது என்னும் எல்லையே அதன் வெற்றியைத் தீர்மானிக்கிறது. இவ்விரண்டும் இக்கட்டுரை எட்டும் முடிவுகளாகும்.

திறவுச்சொற்கள்: திறமூல மென்பொருள், சட்டகம், தற்பயன்பாடு, ஜாங்கோ, ட்ரூபல், ஆவணமாக்கம், தமிழ்க் கணிமை.

முன்னுரை

இணையதளம் உருவாக்குவோர் ஒவ்வொரு முறையும் அடித்தளத்திலிருந்து நிரல் எழுதுவதில்லை. பயனர் கேட்கும் பக்கத்தை இனங்காணுதல், தரவுத்தளத்திலிருந்து உரிய தரவை எடுத்தல், அதனை வார்ப்புருவில் பொருத்திப் பக்கமாக்குதல், பயனரின் அடையாளத்தைச் சரிபார்த்தல் முதலிய பணிகள் எல்லாத் தளங்களுக்கும் பொதுவானவை. இப்பணிகளுக்கான நிரல்களை ஒழுங்குபடுத்தித் தரும் அமைப்பு சட்டகம் எனப்படுகிறது. அதன் மூலநிரலை எவரும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் உரிமை அளிக்கப்பட்டால் அது திறமூலச் சட்டகமாகிறது.

இத்தகைய சட்டகத்தை உருவாக்கும் குழுவுக்கும் ஓர் இணையதளம் தேவை. பதிப்புகளைப் பதிவிறக்கவும், ஆவணங்களைப் படிக்கவும், வழுக்களை அறிவிக்கவும் பயனர்கள் அங்குதான் வருகின்றனர். அத்தளம் வேறொரு கருவியால் கட்டப்பட்டிருந்தால் ஊருக்கு உரைப்பதைத் தான் பின்பற்றவில்லை என்ற ஐயம் எழும். தன் சட்டகத்தாலேயே கட்டப்பட்டிருந்தால் அவ்வையம் நீங்கும். ஆனால் வேறு சில பொறுப்புகள் வந்து சேரும். அவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தற்பயன்பாடு: கருத்தும் வரையறையும்

ஒன்று தன்னைக்கொண்டே தன்னை விளக்குவது தமிழ் ஆய்வாளர்களுக்குப் புதிதன்று. தொல்காப்பியமும் நன்னூலும் தமிழின் இலக்கணத்தைத் தமிழ் நூற்பாக்களாலேயே கூறுகின்றன. புணர்ச்சியை விதிக்கும் நூற்பாவின் சொற்களும் புணர்ந்தே நிற்கின்றன. விதியைக் கூறும் வாக்கியம் அவ்விதிக்கு உட்பட்டு நிற்கும்போது விதி அங்கேயே சோதனைக்கு உள்ளாகிறது.

கணினியியலில் இதற்கு நெருங்கிய எடுத்துக்காட்டு நிரல்பெயர்ப்பியாகும். ஒரு நிரல்மொழியை இயந்திரமொழிக்கு மாற்றும் நிரல்பெயர்ப்பி, அதே நிரல்மொழியில் எழுதப்படுவது உண்டு. ஜி.சி.சி. என்னும் திறமூல நிரல்பெயர்ப்பி மூன்று கட்டங்களில் தன்னைத்தானே பெயர்க்கிறது. முதற்கட்டத்தில் ஏற்கனவே உள்ள நிரல்பெயர்ப்பி அதனைப் பெயர்க்கிறது. அவ்வாறு கிடைத்தது இரண்டாம் கட்டத்தில் அதே மூலநிரலைப் பெயர்க்கிறது. இரண்டாம் கட்டத்தில் கிடைத்தது மூன்றாம் கட்டத்தில் மீண்டும் பெயர்க்கிறது. இரண்டாம், மூன்றாம் கட்டங்களின் விளைவுகள் ஒத்திருக்க வேண்டும். வேறுபட்டால் பிழை உள்ளது என்பது உறுதி.

இணையதளத்துக்கு இத்தகைய திட்டவட்டமான சோதனை இல்லை. ஒரு சட்டகத்தின் தளம் அச்சட்டகத்தால் இயங்குகிறது என்பதால் மட்டும் சட்டகம் பிழையற்றது என்று ஆகிவிடாது. எனவே தற்பயன்பாட்டைத் தகுதிச்சான்றாகக் கொள்வதினும், குறைகள் வெளிப்படும் களமாகக் கொள்வதே பொருந்தும். பின்வரும் இரு திட்டங்களும் இதனை வெவ்வேறு வகையில் காட்டுகின்றன.

ஜாங்கோ: வரையறுக்கப்பட்ட தற்பயன்பாடு

ஜாங்கோ ஒரு செய்தித்தாள் நிறுவனத்தில் பிறந்தது. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்து லாரன்ஸ் நகரில் வெளிவந்த ‘லாரன்ஸ் ஜர்னல்-வேர்ல்ட்’ நாளிதழின் இணையப் பிரிவில் பணியாற்றிய ஏட்ரியன் ஹோலோவாட்டி, சைமன் வில்லிசன் ஆகியோர் 2003ஆம் ஆண்டு பைத்தான் மொழியில் இதனை உருவாக்கத் தொடங்கினர். செய்திப்பணியின் அவசரத்துக்கு ஈடுகொடுத்து, குறுகிய நேரத்தில் தளங்களை அமைக்கும் தேவையே இதற்குக் காரணம். 2005ஆம் ஆண்டு ஜூலையில் இது திறமூலமாக வெளியிடப்பட்டது. 2008இல் ஜாங்கோ மென்பொருள் அறக்கட்டளை தோன்றியது. திட்டத்தின் இணையதளம் ஜாங்கோவாலேயே இயங்குகிறது. அத்தளத்தின் மூலநிரலும் பொதுவில் உள்ளது. ஆகவே அத்தளம், புதிதாகக் கற்போருக்கு உண்மையான பயன்பாட்டில் உள்ள ஒரு மாதிரியாகவும் விளங்குகிறது. 2014 டிசம்பரில் புதிய வடிவமைப்புடன் இத்தளம் வெளிவந்தது.

இத்தளத்தில் கூர்ந்து நோக்கத்தக்கவை மூன்று.

முதலாவது, ஆவணங்கள். ஜாங்கோவின் ஆவணங்கள் தரவுத்தளத்தில் நேரடியாக எழுதப்படுவதில்லை. அவை மூலநிரலுடன் ஒரே களஞ்சியத்தில், எளிய உரைக்கோப்புகளாக உள்ளன. சட்டகத்தில் ஒரு வசதியைச் சேர்ப்பவர் அதற்குரிய விளக்கத்தையும் அதே திருத்தத்தில் சேர்க்க இயலுகிறது. இக்கோப்புகளை ஸ்பிங்க்ஸ் என்னும் தனி ஆவணக்கருவி பதப்படுத்துகிறது. பதப்படுத்தப்பட்டதை ஜாங்கோ பெற்று, தன் வார்ப்புருக்களில் பொருத்திக் காட்டுகிறது. 2008 செப்டம்பரில் வெளியான 1.0 பதிப்பின்போது இம்முறை நிலைபெற்றது. ஆவணங்கள் பதிப்புவாரியாகவும் மொழிவாரியாகவும் தனித்தனி முகவரிகளில் பேணப்படுகின்றன. ஆதரவு முடிந்த பதிப்பின் ஆவணத்தைத் திறப்பவருக்கு எச்சரிக்கையும் காட்டப்படுகிறது.

இரண்டாவது, தேடல். ஆவணங்களுக்குள் தேடுவதற்கு முன்னர் தனித் தேடுபொறி ஒன்று பயன்பட்டது. 2016இல் வெளியான 1.10 பதிப்பில், போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் முழுவுரைத் தேடலைப் பயன்படுத்தும் வசதி ஜாங்கோவில் இணைந்தது. பின்னர்த் திட்டத்தின் தளமும் அவ்வசதிக்கே மாறியது. இதனால் பேண வேண்டிய சேவை ஒன்று குறைந்தது. பிறருக்கு வழங்கிய வசதி பல மொழி ஆவணங்களைக் கொண்ட மெய்யான தளமொன்றில் எவ்வாறு செயற்படுகிறது என்பதைத் திட்டமே அறியும் வாய்ப்பும் கிட்டியது.

மூன்றாவது, வழுப்பதிவு. இப்பணியை ஜாங்கோ தன் சட்டகத்தால் செய்யவில்லை. டிராக் என்னும் வேறொரு திறமூல மென்பொருளிடம் விட்டது. டிராக் பைத்தானில் எழுதப்பட்டதேயெனினும் ஜாங்கோவைச் சார்ந்ததன்று. ஆயினும் வழுக்களின் எண்ணிக்கை முதலியவற்றைத் தளத்தின் புள்ளிவிவரப் பக்கத்தில் காட்டுவதற்காக, டிராக்கின் தரவுத்தளத்தை ஜாங்கோ நேரடியாகப் படிக்கிறது. தான் உருவாக்காத அட்டவணைகளைப் படிக்கும் வசதி சட்டகத்தில் உண்டு. இங்கு அதன் வரம்பும் வெளிப்பட்டது. டிராக்கின் சில அட்டவணைகளில் ஒன்றுக்கு மேற்பட்ட நெடுவரிசைகள் சேர்ந்தே முதன்மைச் சாவியாகின்றன. இத்தகைய கூட்டுச்சாவியை ஜாங்கோ நெடுங்காலம் ஆதரிக்கவில்லை. 2025 ஏப்ரலில் வந்த 5.2 பதிப்பிலேயே அது இடம்பெற்றது. பழைய தரவுத்தளங்களோடு இணைந்து பணியாற்றும் பயனர்கள் எதிர்கொண்ட அதே இடர்ப்பாட்டைத் திட்டத்தின் தளமும் எதிர்கொண்டது என்பது கருதத்தக்கது.

ட்ரூபல்: முழுமையான தற்பயன்பாடு

ட்ரூபல், பெல்ஜியம் நாட்டைச் சேர்ந்த டிரீஸ் பாய்ட்டார்ட் மாணவராக இருந்தபோது உருவாக்கியது. 2001 ஜனவரியில் திறமூலமாக வெளிவந்தது. பி.எச்.பி. மொழியில் எழுதப்பட்ட இது, உள்ளடக்க மேலாண்மை அமைப்பாகவும் சட்டகமாகவும் பயன்படுகிறது. கருநிரலோடு ‘கூறுகள்’ எனப்படும் கூடுதல் நிரல்களை இணைத்து விரிவாக்கிக்கொள்வது இதன் அடிப்படை இயல்பு.

ட்ரூபல் திட்டம் தன் தளத்தில் கூறுகளின் பட்டியல், வெளியீடுகள், பயனர் கணக்குகள், ஆவணங்கள், வழுப்பதிவு, விவாதம் ஆகிய அனைத்தையும் ட்ரூபலாலேயே செய்தது. வழுப்பதிவுக்கெனத் தனிக்கூறுகளே எழுதப்பட்டன. ஆயிரக்கணக்கான பங்களிப்பாளர்கள் அன்றாடம் பணிபுரியும் இடமாக அத்தளம் வளர்ந்தது. சட்டகத்தின் ஆற்றலுக்கு இதனினும் சிறந்த விளக்கம் இல்லை எனலாம்.

சுமை புதுப்பிக்கும்போது தெரிந்தது. ட்ரூபலின் 7ஆம் பதிப்பு 2011 ஜனவரியில் வெளியானது. திட்டத்தின் முதன்மைத் தளம் 6ஆம் பதிப்பிலிருந்து 7க்கு மாறியது 2013 அக்டோபர் இறுதியில்தான். ஏறத்தாழ மூன்றாண்டு இடைவெளிக்கு முதன்மையான காரணம், வழுப்பதிவுக்கான தனிக்கூறுகளே. 6ஆம் பதிப்பில் வழு ஒன்றின் நிலைமாற்றங்கள் அதன் கீழ் எழுதப்படும் கருத்துரைகளோடு பிணைந்திருந்தன. 7ஆம் பதிப்பு, உள்ளடக்கத்துக்குப் ‘புலங்கள்’ சேர்க்கும் புதிய முறையைத் தந்தது. அம்முறைக்கேற்பக் கூறுகளை மறுபடி எழுதுவதோடு, பல ஆண்டுகளாகச் சேர்ந்த பதிவுகளையும் மாற்ற வேண்டியிருந்தது. பிற நிறுவனங்கள் 7ஆம் பதிப்புக்கு மாறுமாறு அழைக்கப்பட்ட காலத்தில் அழைத்தவரின் தளமே 6இல் நின்றது.

அடுத்த கட்டம் இன்னும் கடினமானது. 2015 நவம்பரில் வந்த 8ஆம் பதிப்பின் உள்ளமைப்பு, சிம்ஃபனி என்னும் சட்டகத்தின் பகுதிகளையும் டிவிக் என்னும் வார்ப்புரு முறையையும் ஏற்று மாற்றியமைக்கப்பட்டது. பழைய தளத்தை அவ்விடத்திலேயே மேம்படுத்த இயலாது. புதிய தளம் அமைத்துத் தரவை இடம்பெயர்க்க வேண்டும். 2022 டிசம்பரில் 10ஆம் பதிப்பு வெளியான பின்னரும் முதன்மைத் தளத்தின் பெரும்பகுதி 7இலேயே இயங்கியது. அப்பதிப்புக்கான ஆதரவுக்காலம் மும்முறை நீட்டிக்கப்பட்டு 2025 ஜனவரி 5 அன்று நிறைவுற்றது. 7ஆம் பதிப்பிலிருந்து விலக இயலாமல் தவித்த பல நிறுவனங்களின் நிலை, திட்டத்தின் தளத்துக்கும் பொதுவாக இருந்தது.

இவ்வனுபவம் திட்டத்தின் எல்லைக்கோட்டை மாற்றியது. நிரல் மேலாண்மையையும் அதனைச் சார்ந்த கூட்டுப்பணியையும் கிட்லேப் என்னும் தளத்துக்கு மாற்றுவதாக 2018இல் ட்ரூபல் சங்கம் அறிவித்தது. உள்ளடக்க மேலாண்மை தன் கருவியிடமே இருக்க, மென்பொருள் வளர்ப்புக்குரிய பணி அதற்கெனவே அமைந்த கருவியிடம் செல்லத் தொடங்கியது.

ஒப்பீடு

இரு திட்டங்களையும் ஒப்பிடுகையில் மூன்று உண்மைகள் புலனாகின்றன.

ஒன்று, தற்பயன்பாட்டின் அளவு கூடக்கூட மறுகட்டமைப்பின் சுமையும் கூடுகிறது. ஜாங்கோ தளம் ஆவணம், செய்தி, வெளியீடு ஆகியவற்றைக் காட்டும் அளவில் நின்றதால் புதிய பதிப்புகளுக்கு மாறுவது எளிதாயிற்று. ட்ரூபல் தளம் திட்டத்தின் பணிக்கூடமாகவே இருந்ததால், அதனைப் புதுப்பிப்பது நடந்துகொண்டிருக்கும் பணியை நிறுத்தாமல் பணிக்கூடத்தை மாற்றுவதாயிற்று.

இரண்டு, சுமை வீணன்று. பதிப்புமாற்றத்தில் பயனர் அடையும் இடரைத் தாமும் அடையும் குழுவே அவ்விடரின் முழு அளவை அறியும். ட்ரூபல் 9ஆம் பதிப்பிலிருந்து, வழக்கொழிந்ததென முன்னறிவிக்கப்பட்ட நிரல்களை மட்டும் நீக்கி அடுத்த பெரும்பதிப்புக்குச் செல்லும் முறை பின்பற்றப்படுகிறது. திட்டத்தின் தளம் பெற்ற பாடமே இதற்குத் தனிக்காரணம் என்று கூறுவதற்கில்லை. எனினும் இம்முறை தீர்க்க முயலும் சிக்கல் அத்தளம் பட்ட சிக்கலே.

மூன்று, பிற கருவியை நாடுவது தோல்வி ஆகாது. ஜாங்கோ டிராக்கைத் தொடக்கத்திலும் ஸ்பிங்க்ஸை 1.0 பதிப்பின்போதும் ஏற்றது. ட்ரூபல் கிட்லேப்பைப் பின்னர் ஏற்றது. சட்டகம் எதற்காகப் படைக்கப்பட்டதோ அப்பணியில் தற்பயன்பாடு குறைகளைக் காட்டுகிறது. அதற்கு அப்பாற்பட்ட பணியில் அது தனிக்கூறுகளைப் பெருக்கி, பேணும் பொறுப்பையே மிகுவிக்கிறது.

தமிழ்க் கணிமைக்கான பொருத்தம்

இவ்விரு திட்டங்களிலும் தமிழுக்கு இடமுண்டு. ஜாங்கோவின் மொழிப்பட்டியலில் தமிழ் உள்ளது. ட்ரூபலின் இடைமுகச் சொற்களைத் தமிழாக்குவோர் பணிபுரியும் மொழிபெயர்ப்புத் தளமும் ட்ரூபலால் ஆனதே. அங்கு ஏற்கப்படும் மொழிபெயர்ப்பைப் புதிதாக நிறுவப்படும் ட்ரூபல் தானே பெற்றுக்கொள்கிறது. ஆகவே அம்மொழிபெயர்ப்புத் தளத்தின் புதுப்பித்தல் தமிழ் மொழிபெயர்ப்பாளரின் பணிச்சூழலையும் பாதிப்பதாகும்.

மேற்கூறிய தேடல் வசதியும் தமிழோடு தொடர்புடையது. 2019இல் வெளிவந்த போஸ்ட்கிரெஸ் 12ஆம் பதிப்பில் தமிழ்ச் சொற்களின் விகுதிகளையும் உருபுகளையும் களைந்து அடிவடிவம் காணும் விதித்தொகுதி சேர்க்கப்பட்டது. ‘நூலில்’, ‘நூலுக்கு’, ‘நூல்களை’ ஆகியவற்றை ஒரே சொல்லின் வடிவங்களாகக் காண முயலும் இத்தொகுதியின் செம்மையை மதிப்பிடுவது தமிழ் இலக்கணம் அறிந்தோரால் இயல்வது. பெருந்தொகையான தமிழ் உரை ஒன்றில் அதனைப் பயன்படுத்திப் பார்க்கும்போதே அதன் பிழைகள் வெளிப்படும்.

சொற்பிழைதிருத்தி, சந்திப்பிழை காட்டி, உருபனியல் பகுப்பாய்வி முதலிய கருவிகளை உருவாக்கும் தமிழ்த்துறைகளுக்கு இதிலிருந்து பெறத்தக்க நெறி ஒன்றுண்டு. கருவிக்குரிய கையேட்டையும் அறிக்கைகளையும் தமிழிலேயே எழுதி, அவற்றை அக்கருவியாலேயே சரிபார்த்தால், தேர்ந்தெடுத்த சோதனைச் சொற்பட்டியலில் காணப்படாத பிழைகள் அன்றாட உரைநடையில் தென்படும். கையேட்டை வெளியிடும் தளம், பயனர் பதிவு முதலியவற்றுக்கு ஏற்கனவே நிலைபெற்ற திறமூலக் கருவிகளைக் கொள்வது போதுமானது.

முடிவுரை

ஒரு திறமூலத் திட்டம் தன் தளத்தைத் தன் சட்டகத்தால் மறுபடி கட்டும்போது, தான் பிறருக்குச் சொன்ன வழியில் தானே நடக்கிறது. வழி எங்கே இடறுகிறது என்பது அப்போதுதான் தெரிகிறது. ஜாங்கோவின் தளம் தன் எல்லையை முன்கூட்டியே வகுத்துக்கொண்டதால் எளிதாக நடந்தது. ட்ரூபலின் தளம் எல்லாவற்றையும் சுமந்ததால் மெதுவாக நடந்து, பின்னர்ச் சுமையைப் பகிர்ந்துகொண்டது. எனவே ஒரு திட்டம் தற்பயன்பாட்டை மேற்கொள்ளுமுன் இரண்டு வினாக்களுக்கு விடை காண வேண்டும். இப்பணி கருவியின் நோக்கத்துக்கு உட்பட்டதா? அடுத்த பெரும்பதிப்பு வரும்போது இதனைப் புதுப்பிக்கும் ஆட்களும் காலமும் திட்டத்திடம் இருக்குமா? இரண்டுக்கும் ஆம் என விடை கிடைக்கும் இடத்தில் தற்பயன்பாடு கருவியைச் செம்மைப்படுத்தும். கிடைக்காத இடத்தில் அது திட்டத்தின் ஆற்றலைத் தன் தளத்தைப் பேணுவதிலேயே செலவழிக்கச் செய்யும்.