மலையிலிருந்து கடலுக்கு ஒரு குடும்பப் பயணம்

விடுமுறை நெருங்கிவிட்டால் மலைநாட்டு முஸ்லிம் வீடுகளில் பிள்ளைகளின் பேச்சு ஒன்றுதான். "வாப்பா, இந்த முறையாவது கடலைக் காட்டுவீங்களா?" குளிரிலும் மூட்டத்திலும் தேயிலைச் செடிகளுக்கிடையே வளரும் பிள்ளைக்குக் கடல் என்பது பாடப் புத்தகத்துப் படம். அந்த ஆசை நியாயமானது. அல்லாஹ்வின் படைப்புகளைப் பூமியில் சுற்றிப் பார்ப்பது மார்க்கம் ஊக்குவித்த காரியமுமாகும்.

முன்பெல்லாம் பஸ்ஸில் இடம் பிடித்துப் போக வேண்டியிருந்தது. இப்போது குடும்பத்தில் ஒருவரிடம் சாரதி அனுமதிப்பத்திரம் இருந்தால் போதும். ஒரு வானை வாடகைக்கு எடுத்துக்கொண்டு தாமே ஓட்டிச் செல்கிறார்கள். எங்கே போவது, எங்கே தங்குவது, என்ன சமைத்துக் கொண்டு போவது என்று நாட்கணக்கில் பேசுகிறார்கள். ஆனால் எந்த மாதம், எந்த நேரம் என்ற கேள்வியைக் கடைசியில்தான் கேட்கிறார்கள். உண்மையில் அதைத்தான் முதலில் கேட்க வேண்டும். பயணத்தில் நேரும் துன்பங்களில் பெரும்பாலானவை இடம் தவறியதால் அல்ல, நேரம் தவறியதால் வருபவை.

எந்த மாதம், எந்தக் கடல்?

பூனாகலையிலிருந்து இறங்குபவர்களுக்கு இரண்டு கடல்கள் உண்டு. வெல்லவாயவிலிருந்து கிழக்கே திரும்பினால் மொனராகலை, சியம்பலாண்டுவ வழியாகப் பொத்துவில், அறுகம்குடா. தெற்கே திரும்பினால் தணமல்வில வழியாகத் திஸ்ஸமஹாராம, கிரிந்த, அம்பாந்தோட்டை.

இரண்டும் ஒரே காலத்தில் அமைதியாக இருப்பதில்லை. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று வீசும்போது தென்கடல் கொந்தளிக்கும், கிழக்கில் வெயிலடிக்கும். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ் பருவக்காற்று கிழக்கில் மழையைக் கொட்டும், தெற்கு அமைதியடையும். ஆகவே ஓகஸ்ட் விடுமுறைக்குக் கிழக்கு, ஜனவரி முதல் ஏப்ரல் வரை தெற்கு என்று மனதில் பதித்துக்கொள்ளுங்கள்.

நமது முஸ்லிம் பாடசாலைகளுக்கோ ரமழானை ஒட்டி விடுமுறை வருகிறது. சந்திரக் கணக்கு ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாட்கள் முன்னே நகர்வதால் அந்த விடுமுறையும் பருவங்களைச் சுற்றி வருகிறது. 2012இல் ரமழான் ஜூலை, ஓகஸ்டில் வந்தது. பெருநாளுக்குப் பின் கிழக்குக்குப் போயிருக்கலாம். 2026இல் பெப்ரவரி, மார்ச்சில் வந்தது. அது தெற்கின் காலம். இன்னும் சில ஆண்டுகளில் டிசம்பருக்கும் நவம்பருக்கும் வந்துவிடும். போன முறை போன இடம் நன்றாயிருந்தது என்று அதே இடத்துக்குக் கிளம்புபவர்கள் இந்தக் கணக்கை மறந்துவிடக் கூடாது.

ஒக்டோபர் நடுப்பகுதி முதல் டிசம்பர் வரை நமது மலையிலிருந்து இறங்கும் பயணத்தையே தவிர்ப்பது நல்லது. கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியது 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி. டித்வா புயல் பதுளை மாவட்டத்தைச் சிதைத்தது 2025 நவம்பர் இறுதியில். மழை நாட்களில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வெளியிடும் மண்சரிவு எச்சரிக்கையை வானொலியிலோ தொலைபேசியிலோ கேட்டறியாமல் வண்டியை எடுக்க வேண்டாம்.

ஓயா போன வழி

கடலை அடைந்த பின்தான் சுற்றுலா தொடங்குகிறது என்று எண்ணாதீர்கள். பூனாகலையிலிருந்து கொஸ்லாந்தைக்கு இறங்கும் பாதையே பெரும் காட்சி. கொஸ்லாந்தையைத் தாண்டினால் வீதியோரத்திலேயே தியலும நீர்வீழ்ச்சி. 220 மீற்றர் உயரத்திலிருந்து விழும் இது இலங்கையில் இரண்டாவது உயரமானது.

அந்த நீர் எங்கிருந்து வருகிறது என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். நமது பூனாகலை ஓயாதான் அது! நம் வீட்டு முற்றத்து மழை அந்தப் பாறையில் குதித்து, குடா ஓயாவில் சேர்ந்து, பிறகு கிரிந்தி ஓயாவோடு கலந்து, லுணுகம்வெஹர நீர்த்தேக்கத்தில் தங்கி, திஸ்ஸமஹாராம வயல்களுக்குப் பாய்ந்து, கிரிந்தவுக்கு அருகே கடலில் சேர்கிறது. தென்திசைப் பயணம் போகும் குடும்பம் அந்த நீரின் வழியே போகிறது. தோட்டத்து ஓடையில் பொலித்தீனும் மருந்துப் போத்தலும் போடக் கூடாது என்று வகுப்பில் நூறு தடவை சொல்வதைவிட, இந்த வழியை ஒரு தடவை காட்டுவது பிள்ளையின் மனதில் நிற்கும்.

நீர்வீழ்ச்சியின் உச்சிக்கு ஏறுபவர்கள் உண்டு. சிறு பிள்ளைகளோடு போகிறவர்கள் கீழிருந்து பார்த்தாலே போதும். வழுக்குப் பாறையும் திடீரென்று பெருகும் நீரும் முன்னறிவிப்புத் தருவதில்லை.

சாரதியின் உறக்கம்

2025 மே 11ஆம் திகதி அதிகாலை, கதிர்காமத்திலிருந்து குருநாகலுக்குப் போன பஸ் வண்டி கொத்மலை கெரண்டியெல்லயில் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதே ஆண்டு செப்டெம்பர் 4ஆம் திகதி இரவு, எல்ல - வெல்லவாய வீதியில் சுற்றுலா முடித்துத் திரும்பிய பஸ் பள்ளத்தில் பாய்ந்து பதினைந்து பேர் உயிரிழந்தனர். ஒன்று விடியுமுன், மற்றது இருட்டிய பின். இவ்விரு நேரங்களிலும் மலைப்பாதையில் ஏறவோ இறங்கவோ மாட்டோம் என்று குடும்பமாக முடிவெடுத்துக்கொள்ளுங்கள்.

நம்மவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒரு நாள் வாடகையை மிச்சப்படுத்த நள்ளிரவில் புறப்படுகிறார்கள். முழுநாளும் கடலில் ஆடுகிறார்கள். அன்றிரவே மலையேறித் திரும்புகிறார்கள். பின்னால் இருப்பவர்கள் எல்லோரும் உறங்க, முன்னால் ஒருவர் மட்டும் கண்களைக் கசக்கிக்கொண்டிருக்கிறார். மிச்சமாகும் பணம் எவ்வளவு? அதற்கு ஈடாக வைப்பது எத்தனை உயிர்கள்?

தொழுகை நேரங்களையே பயண அட்டவணையாக்கிக் கொள்ளுங்கள். ஸுபஹ் தொழுது வெளிச்சம் வந்த பின் புறப்படுவது. லுஹர் நேரத்தில் பள்ளிவாசல் உள்ள ஊரில் இறங்குவது. மஃரிபுக்கு முன் தங்குமிடத்தை அடைவது. இதைப் பேணினாலே சாரதிக்கு ஓய்வும் கிடைக்கும், இருட்டுப் பயணமும் இராது. ஷாபிஈ மத்ஹபின்படி பயணத் தூரம் இன்றைய அளவில் 80 கிலோமீற்றருக்குச் சற்று அதிகம். பூனாகலையிலிருந்து இரண்டு கடல்களுமே அதற்கு அப்பால்தான். எனவே ஊரெல்லையைத் தாண்டியதும் நான்கு ரக்அத் தொழுகைகளை இரண்டாகச் சுருக்கலாம்; லுஹரையும் அஸரையும், மஃரிபையும் இஷாவையும் சேர்த்துத் தொழலாம். போய்ச் சேரும் நாளும் திரும்பும் நாளும் நீங்கலாக நான்கு நாட்களுக்குக் குறைவாகத் தங்குபவருக்கு அங்கேயும் இச்சலுகை உண்டு. "தொழுகை தப்பிவிடும், வேகமாக ஓட்டுங்கள்" என்று சாரதியை அவசரப்படுத்த இனி இடமேயில்லை. அவசரத்தை நீக்கத்தான் இந்தச் சலுகை அருளப்பட்டது.

இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பாமல் சிறிய கியரில் இறங்குங்கள். ஏறிவரும் வண்டிக்கு வழி விடுங்கள். புறப்படுவதற்கு முந்திய நாள் பிரேக்கையும் டயர்களையும் திருத்துநர் ஒருவரிடம் காட்டுங்கள். இருக்கைக்கு மேல் ஒருவரையும் ஏற்ற வேண்டாம், அது மச்சானாக இருந்தாலும் சரி.

விலங்குகளின் வீட்டில்

கிழக்கு வழியில் பொத்துவிலுக்குச் சற்று முன்னே லாகுகலை. கோடை முற்றும் மாதங்களில் அங்குள்ள குளத்துக்கு யானைகள் கூட்டமாக இறங்கும். பொத்துவிலுக்குத் தெற்கே பாணமை, உகந்தையைக் கடந்தால் குமண. சதுப்பு நிலத்தில் கொக்கு, நாரை, கூழைக்கடா போன்ற நீர்ப்பறவைகளின் பெரும் இல்லம். கதிர்காமப் பாதயாத்திரைக் காலத்தில் இந்துச் சகோதரர்கள் உகந்தையிலிருந்து அந்தக் காட்டின் ஊடாகக் கால்நடையாகப் போவார்கள். அவர்களைக் கண்டால் வண்டியின் வேகத்தைக் குறைத்து, புழுதி கிளப்பாமல் கடந்து செல்வது மரியாதை.

தெற்கு வழியில் யால. சிறுத்தைக்குப் பேர்பெற்ற இடம். ஜூன், ஜூலையில் பாலைப்பழம் பழுக்கும்போது கரடியும் வெளியே வரும். செப்டெம்பர் முதல் ஒக்டோபர் நடுப்பகுதி வரை யாலவின் முதற்பிரிவு வழமையாக மூடப்படுவதால், போகுமுன் விசாரித்துக்கொள்ளுங்கள். வாடகை வானோடு காட்டுக்குள் நுழைய எண்ண வேண்டாம். அங்குள்ள ஜீப் சாரதிகளுக்கு வழியும் தெரியும், விலங்கின் குணமும் தெரியும்.

புத்தல - கதிர்காம வீதியில் யானைகள் வண்டிகளை மறித்து நிற்பதைப் பலர் வேடிக்கையாகச் சொல்வார்கள். அது வேடிக்கையல்ல. பழமும் பாணும் வீசி வீசி மனிதர்கள் பழக்கிய பழக்கம் அது. உணவு தராத வண்டியின் யன்னலுக்குள் தும்பிக்கை நுழையும் நாள் வரும். இலங்கையில் 2023ஆம் ஆண்டில் மட்டும் நானூறுக்கும் மேற்பட்ட யானைகளும் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட மனிதர்களும் இந்த மோதலில் மாண்டார்கள். ஆகவே உணவு வீசாதீர்கள், ஹோர்ன் அடிக்காதீர்கள், புகைப்படத்துக்காக இறங்காதீர்கள். தாகித்த நாய்க்கு நீர் புகட்டியவரின் கதையைக் கேட்டு வளர்ந்த நாம், விலங்கைக் கெடுக்கும் தர்மம் தர்மமல்ல என்பதையும் அறிந்திருக்க வேண்டும். இந்த வீதிகளை மாலைக்கு முன் கடந்துவிடுவதே சிறந்தது.

திராட்சைத் தோட்டத்துச் சுற்றுலா

வெளிநாட்டுச் சுற்றுலா விளம்பரங்களில் கடற்கரை, காட்டு விலங்கு, இயற்கைக் காட்சி என்பவற்றோடு நான்காவதாக மதுவையும் சேர்த்து எழுதுவார்கள். தென்னாபிரிக்காவின் கேப் கடற்கரை இதற்குப் பிரசித்தம். கேப் டவுனில் காரை வாடகைக்கு எடுத்து, ஸ்டெல்லன்பொஷ் திராட்சைத் தோட்டங்களில் வைன் சுவைத்து, ஹெர்மனஸில் திமிங்கிலம் பார்த்து, கிழக்கே அட்டோ யானைக் காடு வரை ஓட்டிச் செல்கிறார்கள்.

அந்த ஸ்டெல்லன்பொஷ் ஊடாக ஓடிவரும் ஆறு கடலில் சேரும் இடத்தருகே ஒரு பெரியாரின் அடக்கத்தலம் உண்டு. மக்காஸாரைச் சேர்ந்த ஷெய்க் யூஸுப் அவர்கள். ஒல்லாந்தர் அவர்களை 1684இல் நமது இலங்கைக்குத்தான் நாடுகடத்தினார்கள். பத்தாண்டுகள் இங்கிருந்தபின் 1694இல் கேப்புக்கு அனுப்பப்பட்டு, 1699இல் அங்கே வபாத்தானார்கள். கேப் முஸ்லிம்களின் வரலாறு அவர்களிலிருந்தே சொல்லப்படுகிறது.

அதே மண்ணில் திராட்சைத் தோட்டத் தொழிலாளருக்குக் கூலியின் ஒரு பகுதியாக மதுவையே கொடுக்கும் 'டொப்' என்ற முறை நிலவியது. சட்டம் தடுத்த பின்னும் அது நெடுங்காலம் ஓயவில்லை. தாயின் கருவிலேயே மதுவால் பாதிக்கப்பட்ட குழந்தைகள் உலகிலேயே மிக அதிகமாகக் காணப்படும் பகுதிகளில் அந்த மாகாணமும் ஒன்று. பயணிக்கு அழகாகத் தெரியும் கொடிமுந்திரித் தோட்டத்துக்குப் பின்னால் இத்தனை வேதனை! தேயிலைத் தோட்டங்களில் வாழும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சம்பள நாளில் சாராயக் கடை எத்தனை அடுப்புகளை அணைக்கிறது என்பதைத் தோட்டத்துத் தாய்மாரிடம் கேட்டால் சொல்வார்கள்.

நமது வழியிலும் இந்த நான்காவதற்கு ஒரு பாடம் உண்டு. கித்துள் மரத்தின் பாளையிலிருந்து இறக்கிய நீரை உடனே காய்ச்சினால் பாணியாகும். வைத்துவிட்டால் புளித்துக் கள்ளாகும். மரமும் ஒன்று, நீரும் ஒன்று. இடையே இருப்பது சில மணி நேரம். பேரீச்சம்பழம் ஊறிய நபீத் புளிக்கும் வரை ஹலால், புளித்தபின் ஹராம் என்று பிக்ஹு நூல்களில் மாணவர்களுக்குப் பாடம் நடத்துகிறோம். அதையே கித்துள் மரத்தடியில் பிள்ளைகளுக்குக் காட்டலாம். திஸ்ஸமஹாராம வீதியோரத்தில் சட்டியில் விற்கும் எருமைத் தயிரை வாங்கி, அதில் கித்துள் பாணி ஊற்றிக் கொடுங்கள். அந்த ருசியைப் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள்.

அறுகம்குடாவில் வெளிநாட்டார் தங்கும் விடுதிகளில் மது பரிமாறப்படுவதுண்டு. மது வைக்கப்படும் விரிப்பில் அமர்வதை மார்க்கம் தடுத்திருக்கிறது. அங்கே போய்ச் சண்டை பிடிப்பதற்குப் பதிலாக, முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டு வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள். பொத்துவில் முஸ்லிம்கள் நிறைந்த ஊர். பள்ளிவாசலும் ஹலால் உணவும் அருகிலேயே உண்டு. தெற்கில் கிரிந்தவிலும் அம்பாந்தோட்டையிலும் மலாய்ச் சகோதரர்கள் வாழ்கிறார்கள்.

வீட்டில் ஒரு மஷூரா

மூன்று நாட்கள் போதும். முதல் நாள் இறங்குவது. இரண்டாம் நாள் அதிகாலையில் காடு, பிற்பகலில் கடல். மூன்றாம் நாள் காலையிலேயே புறப்பட்டு, மூட்டம் இறங்குமுன் மலையேறிவிடுவது. கடலில் ஊரார் குளிக்கும் இடத்தில் மட்டும் குளியுங்கள். கிரிந்தக் கடல் பார்ப்பதற்கு அழகு, குளிப்பதற்கு ஆபத்து.

புறப்படுமுன் குடும்பத்தோடு மஷூரா செய்யுங்கள். முக்கியமாக வீட்டுப் பெண்களைக் கேளுங்கள். தங்குமிடத்தில் தண்ணீர் வசதி உண்டா, மறைவான குளியலறை உண்டா என்று அவர்கள் கேட்பதே சரியான கேள்வி. சோற்றுப் பானையையும் அடுப்பையும் வானில் ஏற்றிக்கொண்டு போனால் அது வாப்பாவுக்கும் பிள்ளைகளுக்கும்தான் விடுமுறை. உம்மாவுக்கு அதே சமையல், இடம்தான் வேறு. அந்த மூன்று நாளும் கடையில் வாங்கிச் சாப்பிடும் செலவையும் கணக்கில் சேர்த்துச் சேமியுங்கள். அது முடியாவிட்டால் இரண்டு நாள் போய் வாருங்கள்.

வண்டியில் ஏறியதும் பயண துஆவைப் பிள்ளைகளில் ஒருவர் சப்தமாக ஓதட்டும். சாரதி முந்திய இரவு நன்றாக உறங்கினாரா என்று கேட்டுவிட்டு, பிறகு சாவியைக் கொடுங்கள்.