படியெடுப்பும் அருட்டுணர்வும்

ஓவியம் வேண்டுவோர் ஓவியரின் கூடத்துக்குச் சென்று, அவர் தீட்டுவதைக் கண்ணாற் கண்டு, படத்தைக் கையிற் பெற்றுவந்த காலம் ஒன்றிருந்தது. இன்று வேண்டுபவர் கொழும்பில் இருப்பார். ஓவியர் மணிலாவில் இருப்பார். இணையத்தின் வழியே பேச்சு நடக்கும். பணமும் அவ்வழியே செல்லும். முடிவிற் படமும் அவ்வழியே வந்து சேரும். இடையில் நிகழ்ந்த உழைப்பை மட்டும் எவரும் காண்பதில்லை. அந்தக் காணாத இடத்திலேதான் ஐயம் பிறக்கிறது. வந்த படம் ஓவியரின் உள்ளத்தில் உருவானதா? அன்றி, வேறொருவர் படத்தின் மேற் கோடோட்டி எடுத்ததா? அப்படத்தை நூலின் முகப்பிலோ கடையின் விளம்பரத்திலோ பதிக்கப் போகிறவருக்கு இது வெறும் இரசனைக் கேள்வியன்று. பிறர் பொருள் என்று பின்னர் தெரியவருமாயின், பணத்தோடு நற்பெயரும் போய்விடும்.

படியெடுத்தல் என்பது யாது? மூலப் படத்தின் மேல் மெல்லிய தாளை விரித்து, கீழே தெரியும் கோட்டின் வழியே பென்சிலை ஓட்டுவது. இக்காலத்தில் தாளுக்குப் பதிலாகக் கணினித் திரையில் ஒரு படலத்தின் மேல் இன்னொரு படலம் வைக்கப்படுகிறது, செயல் ஒன்றே. அருட்டுணர்வு பெறுதல் வேறு. பிறர் ஆக்கத்தின் ஒளியமைப்போ, வண்ணச் சேர்க்கையோ, உணர்வோ ஓவியரின் மனத்திற் பதிந்து, அவர் தாமாக அமைக்கும் வேறொரு படத்திற் புதிய வடிவில் வெளிப்படுவது அது.

இவ்விரண்டையும் ஒருவர் வாழ்விலேயே காணலாம். ஜப்பானிய ஓவியர் ஹிரோஷிகே 1857ஆம் ஆண்டில் வெளியிட்ட பிளம் தோட்ட அச்சுப்படத்தை, 1887ஆம் ஆண்டில், பாரிஸ் நகரில் வாழ்ந்த வின்சன்ட் வான்கோ மெல்லிய தாளிற் படியெடுத்தார். அதன்மேற் கட்டங்கள் வரைந்து, பெரிதாக்கி, எண்ணெய் வண்ணத்தில் தீட்டினார். அந்தத் தாள் இன்றும் ஆம்ஸ்டர்டாமிலுள்ள வான்கோ அரும்பொருட்சாலையில் இருக்கிறது. 1890ஆம் ஆண்டு பெப்ரவரியில், தம்பிக்குப் பிறந்த மகனுக்காக அவர் வாதுமைப் பூங்கிளைகளை நீலவானின் எதிரே வரைந்தார். தடித்த புறக்கோடும், கிளைகளை ஓரத்தில் துண்டித்துக் காட்டும் முறையும் ஜப்பானியரிடம் கற்றவை. எனினும் அப்படத்தின் அடியில் எந்த ஜப்பானியரின் கோடும் இல்லை. முன்னது படி, பின்னது அருட்டுணர்வின் பயன்.

வந்த படம் எவ்வகையது என்று அறிவது எங்ஙனம்? இணையத்தில் படத்தைக் கொண்டே படத்தைத் தேடும் வசதி உண்டு. ஐயத்துக்குரிய மூலம் அகப்பட்டால், இரண்டையும் ஒரே அளவாக்கி, ஒன்றின் மேல் ஒன்றை ஒளி ஊடுருவும்படி வைத்துப் பார்க்கலாம். இடவலமாகத் திருப்பியும் பார்த்தல் வேண்டும். மூலத்தை மறைக்க விரும்புவோர் பெரும்பாலும் முதலிற் செய்வது அதுவே. ஆனால் உடலின் நிலை மட்டும் ஒத்திருப்பது சான்றாகாது. நாற்காலியில் அமர்ந்த எவரும் ஏறக்குறைய ஒரே வடிவந்தான் காட்டுவர். விரல்களுக்கிடையிலுள்ள வெளி, சேலை மடிப்பின் எண்ணிக்கை, நெற்றியில் விழுந்த மயிர்க்கற்றையின் வளைவு ஆகிய தற்செயலான நுட்பங்கள் யாவும் ஒருங்கே பொருந்துமாயின், அது தற்செயலன்று.

மூலம் அகப்படாதபோது கோடே சாட்சி சொல்லும். உருவத்தின் எலும்பும் தசையும் அறிந்து வரைபவர் கோடு, பாரம் தாங்கும் இடத்தில் தடித்து, ஒளி படும் இடத்தில் மெலியும். பிறர் கோட்டின் வழியே ஊர்பவர் கோடு பல வேளை ஒரே தடிப்பாய், தயங்கித் தயங்கிச் செல்லும். ஒரு படத்திற் கைகள் சிறப்பாக அமைந்திருக்க, அதே ஓவியரின் மற்றொரு படத்திற் கைகள் சிறுபிள்ளை வரைந்தவை போலிருந்தால், அங்கும் ஐயுறலாம். முகத்தில் ஒளி இடப்புறத்திலிருந்தும், பின்னணியில் வலப்புறத்திலிருந்தும் வருமாயின், இரு மூலங்கள் ஒட்டப்பட்டனவோ என்று வினவலாம்.

இவையெல்லாம் படம் வந்தபின் செய்யும் சோதனைகள். முன்னரே செய்யத்தக்கது இன்னும் எளிது. முதற் கரட்டு வரைவுகளையும், இடைநிலைப் படங்களையும், ஆதாரமாகக் கொண்ட நிழற்படங்களையும் காட்டும்படி உடன்படிக்கையில் எழுதிக்கொள்ளலாம். வரைவு வந்ததும், தலையைச் சற்றே இடப்புறம் திருப்பித் தரும்படி கேட்கலாம். உருவத்தை உணர்ந்தவர் அதனைத் திருப்பி வரைவார். படியெடுத்தவருக்கோ கீழே இருந்த துணை அகன்றுவிடும்.

எனினும் படியெடுத்தல் தன்னளவிற் குற்றமன்று என்பதையும் மனங்கொள்ளல் வேண்டும். ரஃபாயெல் தாம் வரைந்த முழு அளவு வரைவின் கோடுகளை ஊசியாற் குத்திப் பிரதி செய்தார். தாமே எடுத்த நிழற்படத்தின் மேல் வரைபவரும், உரிமை பெற்று வரைபவரும், பயிற்சிக்காகப் படியெடுப்பவரும் எவரையும் ஏமாற்றுவதில்லை. வினா, கோடு எவருடையது, அது மறைக்கப்பட்டதா என்பதே. ஆகவே ஐயம் எழுந்தவுடன் பலரறியப் பழி சுமத்துவது அடாத செயல். நேர்மையான ஓவியரின் பிழைப்பையே அது கெடுத்துவிடலாம். முதலில் ஓவியரைத் தனியே கேட்பதே முறை.

சட்டமும் இந்த வேற்றுமையின் மேலேயே நிற்கிறது. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் வரைபடங்களுக்கும் நிழற்படங்களுக்கும் காப்பளிக்கிறது. வெறும் கருத்துக்கு அளிப்பதில்லை. பெரும்புகழும் இதில் விலக்குத் தருவதில்லை. லின் கோல்ட்ஸ்மித் 1981இல் எடுத்த பாடகர் பிரின்ஸின் நிழற்படத்தை, ஓவியருக்கு ஆதாரமாக ஒரு முறை மாத்திரம் பயன்படுத்த, 1984இல் அமெரிக்கச் சஞ்சிகை ஒன்று 400 டொலர் செலுத்தியது. ஓவியர் அன்டி வார்ஹோல் அதனைக் கொண்டு மொத்தம் 16 ஆக்கங்கள் செய்தார். 2016இல் பிரின்ஸ் மறைந்தபோது, அவற்றுள் வேறொன்றை வெளியிட வார்ஹோல் மன்றம் 10,000 டொலர் பெற்றது. கோல்ட்ஸ்மித்துக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அந்தப் பயன்பாட்டின் நோக்கம் புதியது என்ற மன்றத்தின் வாதத்தை அமெரிக்க உயர் நீதிமன்றம் 2023 மே 18ஆம் திகதி 7க்கு 2 என்ற பெரும்பான்மையால் நிராகரித்தது.

பிறரிடம் கற்காத கலைஞர் உலகில் இல்லை. கற்றதைத் தன்னதாக்கித் தருபவரிடம் பெற்ற படம், கொடுத்த விலைக்கு மேலான பொருள். பிறர் கோட்டை மறைத்துத் தருபவரிடம் பெற்ற படமோ, எவ்வளவு அழகாயினும், ஒருநாள் உரியவர் வந்து கேட்கும் இரவற் பொருளே.