சூடேற முனைவேறும் ஆவி

திசைகாட்டியின் ஊசி வடக்கு நோக்கி நிற்பது யாவரும் அறிந்ததே. கருவியை ஓயாது உலுக்கினால் ஊசி நிலைகொள்ளாது தடுமாறும். மூலக்கூறுகள் பலவற்றின் இயல்பும் இத்தகையதே. அவற்றின் ஒரு பக்கத்திற் சிறிது நேர்மின்னும், மறுபக்கத்தில் அதற்கு ஈடான எதிர்மின்னும் மிகுந்து நிற்கும். இதனையே முனைவு என்பர்.

இரு உலோகத் தகடுகளுக்கிடையே அத்தகைய மூலக்கூறுகளின் ஆவியை நிரப்பி, தகடுகளுக்கு மின்னேற்றினால், மூலக்கூறுகள் மின்புலத்தின் வழியே திரும்ப முயலும்; வெப்பமோ அவற்றை உலுக்கி அவ்வொழுங்கைக் கலைக்கும். ஆகவே வெப்பநிலை உயர உயர, ஒருமுகமாக நிற்கும் தன்மை குறையும். ஒல்லாந்து நாட்டிற் பிறந்த பீற்றர் டிபை 1912இல் இவ்வுண்மையைச் சமன்பாடாக வகுத்தார். அதனைக் கொண்டு மூலக்கூறின் முனைவைக் கணிக்கலாம். 1936இல் நோபல் பரிசு பெற்ற அவருடைய பெயரே இன்று முனைவின் அலகுக்கும் வழங்குகின்றது.

ஒழுங்கு குலைந்தாலும் மூலக்கூறின் முனைவு மாறவேண்டுவதில்லை. மெதைல் குளோரைட்டின் ஆவியில் அது குளிரிலும் சூட்டிலும் ஏறக்குறைய 1.9 டிபையே. ஆனால், எதிலீன் டைகுளோரைட்டின் ஆவியை 1930ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் அளந்தவர்கள் வேறொன்றைக் கண்டனர். 32 பாகை செல்சியசிற் சுமார் 1.1 டிபையாக இருந்த முனைவு, 270 பாகையிற் சுமார் 1.5 ஆக உயர்ந்திருந்தது! சூடேற முனைவும் ஏறுவானேன்?

விடை அம்மூலக்கூறின் வடிவில் உள்ளது. ஒற்றைப் பிணைப்பால் இணைந்த இரு காபன் அணுக்கள். ஒவ்வொன்றிலும் ஒரு குளோரீன். குளோரீன்கள் இரண்டும் எதிரெதிர்ப் பக்கங்களில் நின்றால், வண்டியின் முன்னொன்றும் பின்னொன்றுமாகப் பூட்டிய எருதுகள்போல ஒன்றன் இழுப்பை மற்றொன்று அழித்துவிடும், முனைவு பூச்சியமாகும். பிணைப்பைச் சுற்றி மூன்றிலொரு சுற்றுத் திரும்பி அவை அருகே வந்தாலோ முனைவு தோன்றும். எதிர்நிலை வடிவே சத்தி குறைந்தது. திரும்பிய வடிவுக்கு மூலொன்றிற்குச் சுமார் 1.2 கிலோகலோரி மிகுதியாக வேண்டும். வெப்பம் அச்சத்தியை வழங்க, திரும்பிய மூலக்கூறுகளின் தொகை பெருகுகின்றது. தனி வடிவம் எதனதும் முனைவு மாறவில்லை, சராசரியே உயர்கின்றது.

ஒற்றைப் பிணைப்பைச் சுற்றி அணுக்கூட்டங்கள் தடையின்றிச் சுழலுமென்றே இரசாயனவியலார் நெடுங்காலம் நம்பியிருந்தனர். அவ்வாறாயின் எல்லாத் திசைகளும் சமமாகும். சராசரி வெப்பநிலையோடு மாறக் காரணமில்லை. அந்நம்பிக்கையை இவ்வளவைகள் தகர்த்தன. யப்பானிய அறிஞர் மிசுசிமாவும் அவர்தம் குழுவினரும் இராமன் விளைவைக் கொண்டு அதே முடிவை வலியுறுத்தினர். திரவத்தில் இரு வடிவங்களுக்குமுரிய கோடுகள் தோன்றின. உறைந்த திண்மத்தில் எதிர்நிலை வடிவின் கோடுகளே எஞ்சின.

இன்று பிளாத்திக்கு இழைகளும் உயிர்ப்பொருள்களின் நீண்ட சங்கிலிகளும் எவ்வாறு மடிகின்றன என்பதை ஆராய்வோர், ஒற்றைப் பிணைப்பின் இத்தயக்கத்தையே முதலிற் கணக்கிற் கொள்கின்றனர். கண்ணுக்குப் புலனாகாத அத்திருப்பத்தை அறிவதற்கு, ஓர் ஆவியைச் சூடாக்கி அளந்ததே வழிகாட்டியாயிற்று.