பூடில் வாங்கப் போறீங்களா? முடி கொட்டாது... ஆனா சீப்பு கையிலேயே இருக்கணும்!

“வீட்டுல முடியே கொட்டாது, அப்பார்ட்மென்ட்டுக்கு சூப்பரா செட் ஆகும்.” தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை பக்கம் முதன்முறையாக நாய் வளர்க்க நினைப்பவர்களிடம் பூடில் பற்றிச் சொல்லப்படுவது இதுதான். பொய் இல்லை. ஆனால், பாதிக் கதை.

பூடிலின் முடி நம் தலைமுடி போல வெட்டும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். உதிர்வதும் தரையில் விழாமல் சுருளுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். லேப்ரடார் வீட்டில் துடைப்பத்துக்கு இருக்கும் வேலை, இங்கே சீப்புக்கு வந்துவிடுகிறது. தினமும் பத்து, பதினைந்து நிமிடம் வேர்வரை சீவ வேண்டும். விட்டால் காதுக்குப் பின்னால், அக்குளில், பெல்ட் படும் இடத்தில் சடை பிடித்துவிடும். சடை தோலை இழுப்பதால் நாய்க்கு நிஜமாகவே வலிக்கும். அடியில் ஈரம் தங்கினால் புண்ணாகும். முற்றிப்போனால் மொட்டைதான்.

சென்னையின் புழுக்கத்தில் இது இன்னும் சிக்கல். குளிப்பாட்டினால் அடிமுடி வரை உலர்த்தியே ஆக வேண்டும். முடி அடர்ந்த தொங்கும் காதுகளில் தொற்று எளிதாக வரும். நாய் தலையை உதறிக்கொண்டே இருந்தாலோ, காதில் நாற்றம் அடித்தாலோ டாக்டரிடம் போய்விடுங்கள். நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை க்ரூமிங் செலவு உண்டு. உடம்பு முழுக்க ஒரே அளவாகக் குட்டையாக வெட்டினால் போதும். இன்ஸ்டாவில் பார்க்கும் அந்தப் பந்து பந்தான கட்டிங், தண்ணீரில் இறங்கி வேட்டைப் பறவையை எடுத்துவரும் நாயாக இது இருந்த காலத்து மிச்சம். நம்ம ஊருக்கு அவசியமே இல்லை.

‘அலர்ஜி வராது’ என்பதையும் நம்ப வேண்டாம். 2012-ல் வெளியான நெதர்லாந்து ஆய்வு, அப்படிப் பெயரெடுத்த இனங்களின் முடியிலும் ஒவ்வாமை தரும் புரதம் குறைவாக இல்லை என்றது. வீட்டில் யாருக்காவது ஆஸ்துமா இருந்தால், பூடில் இருக்கும் ஒரு வீட்டில் சில மணி நேரம் இருந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

தோள்வரை 10 அங்குலத்துக்குள் இருந்தால் டாய், 15 வரை மினியேச்சர், அதற்கு மேல் ஸ்டாண்டர்டு என்பது அமெரிக்கக் கணக்கு. ‘டீகப்’ என்று அதில் ஒரு பிரிவே கிடையாது. அந்தப் பெயரில் வரும் மிகச்சிறிய குட்டிகளுக்கு எலும்பு முறிவும் சர்க்கரை குறைந்து மயங்குவதும் சகஜம். 2017 விதிகளின்படி, எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. வாட்ஸ்அப் படத்தைப் பார்த்து அட்வான்ஸ் அனுப்பாமல், நேரில் போய்த் தாய் நாயைப் பாருங்கள். கென்னல் கிளப் பதிவுச் சான்று கேளுங்கள். சிறிய பூடில்களுக்கு முழங்கால் சில்லு நழுவும் பிரச்சினை பரம்பரையாக வருவதால் அதையும் விசாரியுங்கள்.

அடுத்தது தனிமை. நாய்களின் புத்திசாலித்தனத்தை வரிசைப்படுத்திய உளவியலாளர் ஸ்டான்லி கோரன், பார்டர் கோலிக்கு அடுத்த இடத்தைப் பூடிலுக்குத்தான் தந்தார். அத்தனை மூளையுள்ள நாயைப் பூட்டிவிட்டு இருவரும் ஓஎம்ஆர் ஆபீஸுக்குப் போய் இரவு திரும்பினால், குரைத்தே அசோசியேஷன் மீட்டிங் வரை கொண்டுபோய்விடும்! காலையும் மாலையும் வாக்கிங், நடுவில் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் இரண்டும் வேண்டும்.

2015 வெள்ளத்தைப் பார்த்த முடிச்சூர், வரதராஜபுரம் மக்களுக்குத் தேங்கிய தண்ணீர் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. எலிச் சிறுநீர் கலந்த நீரால் நாய்க்கும் எலிக்காய்ச்சல் வரும், மனிதருக்கும் பரவும். பார்வோ, டிஸ்டம்பர், ரேபிஸ் ஊசிகளோடு இதற்கான ஊசியையும் கேட்டுப் போடுங்கள். சுருள் முடிக்குள் உண்ணி ஒளிந்துகொள்வதால், சீவும்போதே விரலால் தடவிப் பாருங்கள்.

பெருங்குடி, சோழிங்கநல்லூர் பகுதிகள் சென்னை மாநகராட்சிக்குள் வருகின்றன. அங்கே நாய்க்கு உரிமமும் மைக்ரோசிப்பும் கட்டாயம். குரோம்பேட்டை, பல்லாவரம் இருப்பதோ 2021-ல் உருவான தாம்பரம் மாநகராட்சியில். உங்கள் மண்டல அலுவலகத்தில் நடைமுறையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பூடில் சாதாரணமாக 12 முதல் 15 ஆண்டுகள் வாழும். கிட்டத்தட்ட ஒரு ஹோம் லோன் காலம்! அத்தனை நாளும் சீப்பு பிடிக்க முடியாது என்று தோன்றினால், வேளச்சேரி சாலையில் இருக்கும் புளூ கிராஸில் தத்துக்குக் காத்திருக்கும் நாட்டு நாய்களைப் போய்ப் பாருங்கள். குட்டை முடி, நம்ம வெயிலுக்குப் பழகிய உடம்பு. முடி மட்டும் கொஞ்சம் கொட்டும்.