விற்பனை மேம்படுத்தலும் பரிசுச் சீட்டிழுப்பும்

மாணவர்களே, கேகாலை நகரக் கடையொன்றில் பின்வரும் அறிவித்தல் தொங்குவதாகக் கொள்வோம்: "5,000 ரூபாவுக்குப் பொருள் வாங்குங்கள், தொலைக்காட்சிப் பெட்டியொன்றை வெல்லுங்கள்." எட்டியாந்தோட்டைப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து சம்பளம் எடுத்து வந்த ஒருவருக்கு 4,500 ரூபாவுக்கே சாமான் தேவை. கூப்பனுக்காக மேலும் 500 ரூபாவுக்குச் சவர்க்காரம் வாங்குகிறார். இது விற்பனை மேம்படுத்தலா, லொத்தரா?

லொத்தருக்கு மூன்று கூறுகள் உண்டு. அவை பரிசு, அதிர்ஷ்டத்தினால் தெரிவு, பங்குபற்றுபவர் செலுத்தும் பணம் என்பன. முதலிரண்டையும் அனேகர் சரியாக எழுதுவர். தவறு மூன்றாவதில்தான் நேர்கிறது. "சவர்க்காரத்துக்குத்தானே பணம் கொடுத்தார், கூப்பன் இலவசம்" என்று எழுதிவிடுவர்.

இதே வாதத்தை இங்கிலாந்தில் இம்பீரியல் டொபாக்கோ நிறுவனம் முன்வைத்தது. அது சிகரெட் பெட்டிகளுக்குள் பரிசுச் சீட்டுகளை வைத்து விற்றது. பிரபுக்கள் சபை 1980 இல் அவ்வாதத்தை ஏற்கவில்லை. ஒரே விலைக்கு இரண்டு பொருள் கிடைக்கும்போது ஒன்றுக்கு மட்டுமே பணம் கொடுத்ததாகக் கூறமுடியாது, ஆகவே அது சட்டவிரோத லொத்தர் எனத் தீர்த்தது. பின்னர் அங்கு சட்டமே மாறியது. 2005 ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டத்தின்படி, பொருளின் வழமையான விலையைக் கொடுப்பது சீட்டுக்கான கட்டணமாகாது. சீட்டுக்காக விலையை உயர்த்தினால் நிலைமை வேறு.

இலங்கையில் தேசிய லொத்தர் சபை 1963 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க நிதிச் சட்டத்தின் கீழும், அபிவிருத்தி லொத்தர் சபை 1997 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழும் இயங்குகின்றன. வியாபாரி ஒருவர் தாமாகவே லொத்தர் நடத்தலாகாது.

அடுத்தது 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம். நுகர்வோரைத் தவறாக வழிநடத்தும் அல்லது ஏமாற்றும் நடத்தையை இதன் 30 ஆம் பிரிவு தடைசெய்கிறது. இதை மனனம் செய்துகொள்ளுங்கள். இல்லாத பரிசைக் காட்டிப் பொருள் விற்பது இப்பிரிவில் அடங்கும் என்று காரணங்காட்டி எழுதலாம். இந்தியாவின் 2019 ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இன்னும் வெளிப்படையானது. பரிசு கொடுக்கும் எண்ணமின்றி அறிவிப்பதையும், முடிந்த போட்டியின் முடிவை மறைப்பதையும் நேர்மையற்ற வியாபார நடைமுறை எனப் பெயர்சொல்லிக் குறிப்பிடுகிறது.

எனவே கூப்பனை நிரப்புமுன் இறுதித் திகதி, பரிசுகளின் எண்ணிக்கை, முடிவு வெளியிடப்படும் இடம் ஆகியவற்றைப் பார்க்கவேண்டும். பற்றுச்சீட்டையும் கூப்பனின் அடிக்கட்டையையும் வைத்திருக்கவேண்டும். (பெரும்பாலானோர் பற்றுச்சீட்டைக் கடை வாசலிலேயே எறிந்துவிடுகின்றனர், பிறகு முறையிடக் கையில் ஒன்றுமிராது.) அதிகார சபையின் தொலைபேசி இலக்கம் 1977.

பயிற்சி வினா: மேற்கூறிய கடைக்காரர் சீட்டிழுப்புக் காலத்தில் மட்டும் சவர்க்காரத்தின் விலையை 10 ரூபாவால் கூட்டினார். அவரது செயலை லொத்தரின் மூன்று கூறுகளைக் கொண்டு ஆராய்க.